பிக்கப்பில் பிக்கப் இல்லையா? இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லும் முன்

“வண்டியில் பிக்கப் இல்லை” என்று நம் ஊர் ஓட்டுநர் சொன்னால், ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை என்று பொருள். ஓட்டுவதே பிக்கப் என்ற சிறு சரக்கு வண்டியாக இருந்துவிட்டால் இந்த வாக்கியம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். பட்டறையில் போய் இதைச் சொன்னதும் வரும் பதிலைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். “இன்ஜெக்டர் போயிருக்கும்.”

சில நேரம் அது உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும், புகை தள்ளுவதற்கும், ஏற்றத்தில் திணறுவதற்கும் இன்ஜெக்டரைத் தவிர வேறு பத்துக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நாள் டீசல் காசுதான். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றினாலோ சில மாத வண்டித் தவணை ஒரே நாளில் கரைந்துவிடும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் காய்கறி ஏற்றிப்போகும் வண்டி எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தை நாங்கள் முழு விலை கொடுத்துக் கற்றோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இன்ஜெக்டர் செய்யும் வேலை என்ன?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விட ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே அடைபட்ட காற்று பதினாறில் ஒரு பங்காக, சில இன்ஜின்களில் அதற்கும் குறைவாக நசுங்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தக் கணத்தில் டீசலைப் பனிப்புகை போலப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் கருவிதான் இன்ஜெக்டர். எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எவ்வளவு நுண்ணிய துளிகளாக என்ற மூன்றில் எது பிசகினாலும் இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்று ஓடும் டீசல் பிக்கப்களில் பெரும்பாலானவை காமன் ரெயில் வகை. பம்ப், டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாயில் அழுத்தி நிரப்பி வைத்திருக்கும். அதுதான் ரெயில். நான்கு சிலிண்டருக்கும் பொதுவான சேமிப்பு அது. அங்கிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குழாய் போகிறது. வண்டி சும்மா நின்று ஓடும்போதே ரெயிலில் 250 முதல் 350 பார் வரை அழுத்தம் இருக்கும். சுமையோடு ஏற்றம் ஏறும்போது அது 1600 பார் அளவுக்கோ அதற்கு மேலோ போகும். பின்சக்கர டயரில் நாம் அடைக்கும் காற்று 4, 5 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் உக்கிரம் புரியும்.

அளவும் அப்படித்தான். நின்று ஓடும்போது ஓர் இன்ஜெக்டர் ஒரு தடவைக்கு விடும் டீசல் ஏறக்குறைய 10 மில்லிகிராம். ஒரு சொட்டில் ஒரு பங்கை எடுத்ததுபோல. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் வினாடிக்கு 25 முறை இந்த வேலையைச் செய்ய வேண்டும். அதிலும் ஒரே முறையில் முழுவதையும் விடாமல், முதலில் துளி அளவு விட்டுத் தீயை மெதுவாகத் தொடங்கிவைத்து, பிறகு மீதியை விடும். பழைய டீசல் வண்டிகளின் ‘கடகட’ சத்தம் புதியவற்றில் குறைந்ததற்கு இந்த முன்துளி ஒரு முக்கியக் காரணம். முனையில் உள்ள துளைகள் தலைமுடியைவிடச் சற்றே பெரியவை. உள்ளே ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அங்கே எவ்வளவு பெரிய எதிரிகள் என்பது இப்போது விளங்கும். இந்த நகரும் பாகங்களுக்கு மசகும் டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்ஜெக்டரைத் தின்றுவிடும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல. மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு.

இன்னொரு செய்தியும் தெரிந்தால்தான் பின்னால் வரும் சோதனை புரியும். இன்ஜெக்டரின் ஊசியை மின்காந்தம் நேராகத் தூக்குவதில்லை. 1000 பாருக்கு எதிராகத் தூக்க அதற்குச் சக்தி போதாது. ஊசியின் மேலேயும் கீழேயும் டீசலின் அழுத்தம் இருக்கிறது. மின்காந்தம் மேலே உள்ள ஒரு குட்டி வால்வை மட்டும் திறந்துவிடுகிறது. மேலே அழுத்தம் குறைந்ததும் கீழே உள்ள அழுத்தமே ஊசியைத் தள்ளித் திறக்கிறது. மேலே திறந்துவிட்ட கொஞ்ச டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. ஆக, நல்ல இன்ஜெக்டரிலும் ரிட்டர்ன் கொஞ்சம் வரும். குட்டி வால்வு தேய்ந்துவிட்டால் அது ஒழுகும் குழாய்போல ஆகி, ரிட்டர்ன் கொட்டத் தொடங்கும்.

கெடும் விதங்கள்

மேலே சொன்ன உள்கசிவு முதல் விதம். ரெயிலில் அழுத்தம் ஏறாது. பல வண்டிகளில் 200 பார் அளவுக்காவது ஏறினால்தான் இன்ஜினை ஆளும் கணினியான இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். அதனால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், வண்டி எடுக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜின் ஒழுங்காக எடுக்கும். டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது. சூடான டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இடத்தில் இன்னும் வேகமாகக் கசிவதுதான் காரணம். ‘சூட்டில் எடுக்கவில்லை’ என்ற புகாரைக் கேட்டாலே நான் முதலில் ரிட்டர்னைத்தான் நினைப்பேன்.

இரண்டாவது, முனை ஒழுகுவது. ஊசி முழுதாக மூடாமல் டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். இதுதான் ஆபத்தானது. இன்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும், புகை வரும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஒரே இடத்தில் தீ நாக்கு பட்டுப் பிஸ்டனில் ஓட்டை விழுவதும் நடக்கும். பலமாகத் தட்டும் வண்டியை ‘வீடு வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம்’ என்று ஓட்டாதீர்கள்.

முனைத்துளை அடைபடுவது மூன்றாவது. அந்தச் சிலிண்டர் சோர்ந்துவிடும். நின்று ஓடும்போது வண்டி நடுங்கும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பது இதைத்தான். மின்சுற்று அறுவது நான்காவது, கண்டுபிடிக்க மிக எளிது. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கசிவது ஐந்தாவது. இதில் இன்ஜெக்டர் மேல் குற்றமே இல்லை. ‘சுக் சுக்’ என்று ரயில்போல ஒரு சத்தம், பானெட்டைத் திறந்தால் புகை வாடை, இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போலக் கறுப்பாகப் படிந்த கரி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாஷரைப் பாருங்கள். பல நாள் விட்டுவிட்டால் இன்ஜெக்டர் அந்தக் கரியில் இறுகிப்போய், கழற்றுவதே தனிப் போராட்டமாகிவிடும்.

புகையின் நிறத்தை வைத்தும் கொஞ்சம் சொல்லலாம். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல். நீலம் கலந்திருந்தால் ஆயில். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. அது இன்ஜெக்டர் அதிகம் விடுவதாலும் இருக்கலாம், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் குழாய் கிழிந்ததாலும் இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நான்கு பேரில் ஒருவர்

அனுபவத்தில் நான் கண்ட ஒரே சூத்திரம் இது. நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே டேங்கின் டீசலைக் குடிக்கின்றன, ஒரே ரெயிலின் அழுத்தத்தில் வாழ்கின்றன, ஒரே இசிஎம் சொன்னபடி கேட்கின்றன. ஆகவே மூன்று ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் மாறுபட்டால், கோளாறு அந்த இன்ஜெக்டரிலோ அந்தச் சிலிண்டரிலோ இருக்கிறது. நான்கும் ஒன்றுபோலத் தடுமாறினால், கோளாறு அவற்றுக்கு முன்னால் எங்கோ இருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். இதற்கு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் கலந்த டீசலை ஒரு முறை நிரப்பினால் நான்கும் சேர்ந்தே சாகலாம். ஆனால் அதற்கான தடயம் ஃபில்டரிலேயே கிடைத்துவிடும்.

ஆகவே ஃபில்டரில் தொடங்குங்கள். அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாகத் தங்கும். துரு நிறமும் தூளும் தெரிந்தால் டேங்கையே கழுவ வேண்டும். ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்ற கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்றால், மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம்.

அடுத்தது காற்று. சில வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலை மின்மோட்டார் தள்ளுவதில்லை, முன்னால் உள்ள பம்பே உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் வழியில் உள்ள ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே இல்லாததால் யாரும் அந்தக் குழாயைச் சந்தேகிப்பதில்லை. ஃபில்டருக்குப் பின் ஓரடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயை இணைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு வண்டியின் கதை இங்கேதான் வருகிறது. இரவு முழுக்க நின்றால் காலையில் எடுக்காது. அரை நிமிடம் செல்ஃப் அடித்தால் இருமிக்கொண்டு எடுக்கும், பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். பட்டறையில் நான்கு இன்ஜெக்டர்களும் போய்விட்டன என்றார்கள். சரிசெய்த வேறு நான்கைப் போட்டார்கள். மறுநாள் காலையும் அதே இருமல். பிறகு வேறு ஒருவர் டேங்கின் மேலே கைவிட்டுத் தடவி, காய்ந்து வெடித்த ஒரு சாண் ரப்பர் குழாயைப் பிடுங்கிக் காட்டினார். இரவில் அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டிருக்கிறது. காலையில் பம்ப் அதை மறுபடி இழுத்துக்கொண்டு வர அரை நிமிடம். நான்கும் ஒன்றுபோல, காலையில் மட்டும் தடுமாறின என்ற செய்தியை யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

குளிர்ந்த காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு திணறினால், குளிரில் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் பாருங்கள். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் அழுத்தமும் ஏறாது, காற்றும் சூடாகாது. சுமையில் மட்டும் கறுப்புப் புகையோடு திணறினால் காற்று ஃபில்டர், டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய், அதன் கிளிப் ஆகியவற்றைப் பாருங்கள். இவையெல்லாம் சரி என்ற பிறகுதான் இன்ஜெக்டரின் முறை.

புட்டிச் சோதனை

மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொல்லும் சோதனை இது. இன்ஜினை நிறுத்திவிட்டு, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, ஒரே அளவான நான்கு புட்டிகளில் விடுங்கள். டேங்குக்குப் போகும் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். இன்ஜினைச் சில நிமிடம் நின்று ஓடவிட்டு நிறுத்துங்கள். நான்கு புட்டிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே மட்டம் என்றால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பியிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். வண்டி எடுக்கவே இல்லையா? பத்து வினாடி செல்ஃப் அடித்தாலே நல்ல இன்ஜெக்டரில் சொட்டோ இரண்டோதான் வரும், கெட்டது கொட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. மின்காந்தத்துக்குப் பதில், மின்சாரம் பட்டதும் நீளும் படிகத்தால் இயங்கும் பீசோ வகை இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் ரிட்டர்ன் குழாயிலேயே ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அவற்றுக்கு இந்தத் திறந்த புட்டிமுறை பொருந்தாது. எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. முனை அடைபட்டதையும் முனை ஒழுகுவதையும் அது காட்டாது. அதற்கு, இசிஎம்மோடு இணைத்து அதில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் என்றதும் பலரும் கோளாறு எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பி0201 முதல் பி0204 வரை வந்தால் முறையே முதல் சிலிண்டர் முதல் நான்காவது வரை இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு. அதற்கு இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன் எலி கடித்த ஒயரையும் தளர்ந்த கனெக்டரையும் பாருங்கள். பி0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு. அது இன்ஜெக்டரைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல, ஃபில்டரும் பம்பும் ரெயிலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அதே எண்ணைத்தான் வரவழைக்கும்.

எண்ணைவிட மதிப்பு மிக்கது நேரடி அளவீடு. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு தள்ளுகிறது என்பதை இசிஎம் இன்ஜின் சுற்றும் வேகத்தின் நுட்பமான ஏற்ற இறக்கத்திலிருந்து கணித்து, சோர்ந்ததற்குக் கொஞ்சம் கூட்டியும் துள்ளுவதற்குக் கொஞ்சம் குறைத்தும் விடும். அந்தத் திருத்தத்தை ஸ்கேனரில் மில்லிகிராமில் பார்க்கலாம். நான்கும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. பல வண்டிகளில் 3, 4 மில்லிகிராமைத் தாண்டினால் சந்தேகிக்கலாம், சரியான எல்லை அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கூட்டல் என்றால் அந்தச் சிலிண்டர் சோர்ந்திருக்கிறது. கழித்தல் என்றால் அங்கே டீசல் அதிகம் போகிறது, முனை ஒழுகலாம்.

அதே ஸ்கேனரில் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தும் பார்க்கலாம். நல்லதை அணைத்தால் இன்ஜின் தடுமாறும். எதை அணைத்தபோது எந்த மாற்றமும் இல்லையோ, அது ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்தது என்று பொருள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிலிண்டர் சோர்ந்திருப்பது இன்ஜெக்டராலும் இருக்கலாம், வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து, காற்று நசுங்கும் அழுத்தமான கம்ப்ரஷன் குறைந்ததாலும் இருக்கலாம். அதைப் பிரிக்க எளிய வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டரை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் புது வாஷரோடு பொருத்துங்கள். கோளாறு இன்ஜெக்டரோடு இடம் மாறினால் இன்ஜெக்டர். மூன்றாவதிலேயே தங்கிவிட்டால் இன்ஜினுக்குள் பார்க்க வேண்டியதுதான், இன்ஜெக்டர் கடைக்குப் போவது வீண்.

செலவே இல்லாத ஒன்றையும் மறக்க வேண்டாம். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருக்கிறதா? டீசல் வாடை அடிக்கிறதா? இன்ஜின் ஆயில் தானாகக் கூடாது. பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில், சைலன்சரில் உள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் விடும் வழக்கம் உண்டு. அந்தச் சுத்தம் அடிக்கடி பாதியில் நின்றாலும் ஆயில் மட்டம் ஏறும். குறுக்குச் சந்துகளில் மட்டுமே ஓடும் வண்டிகளில் இது நடக்கும்.

கையை வைக்காதீர்கள்

பழைய வண்டிகளில், ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று கண்டுபிடிப்பார்கள். அந்தக் காலத்து முனைகள் 100, 200 பாரில் திறப்பவை. அன்றும் அது பாதுகாப்பான வழக்கம் அல்ல. காமன் ரெயிலில் அதைச் செய்வது உயிரோடு விளையாட்டு. தோலைத் துளைக்க நூறு பார்கூடத் தேவையில்லை. துளைத்த இடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே போன டீசல் சதையை அழுகவைத்துவிடும், விரலையோ கையையோ எடுக்க நேரிடும். அப்படி நடந்தால் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட விரலுக்குப் பதில் ஓர் அட்டையைப் பயன்படுத்துங்கள். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே குழாயைத் தொடுங்கள். இன்ஜெக்டர் கனெக்டரையும் ஓடும்போது பிடுங்க வேண்டாம். அங்கே போவது பேட்டரியின் 12 வோல்ட் அல்ல, அதைவிடப் பல மடங்கு.

பம்ப் கடையில்

சந்தேகத்துக்குரியதைக் கழற்றி, டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் பழுதுபார்க்கும் பம்ப் கடையில் சோதனை இயந்திரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நின்று ஓடும் நிலை, முன்துளி, முழுச் சுமை, ரிட்டர்ன் என ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு விடுகிறது என்று அச்சிட்டுத் தருவார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முனைத்துளையில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யும் இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். டேங்கில் ஊற்றும் சுத்தம் செய்யும் மருந்துகள் இளம் கரிப் படிவைக் கொஞ்சம் கரைக்கலாம். தேய்ந்த வால்வை எந்த மருந்தும் வளர்த்துவிடாது.

ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அந்த இன்ஜெக்டரைத் தயாரித்தபோது அளந்த நுண்ணிய வேறுபாடு அந்தக் குறியீட்டில் இருக்கிறது. இன்ஜெக்டரை மாற்றினாலும் இடம் மாற்றினாலும் பெரும்பாலான வண்டிகளில் அந்தக் குறியீட்டை இசிஎம்மில் பதிய வேண்டும். பதியாமல் விட்ட நல்ல இன்ஜெக்டரும் தட்டும், புகைக்கும். புதுக் காப்பர் வாஷர், இன்ஜெக்டர் உட்காரும் இடத்தின் சுத்தம், கையேடு சொன்ன இறுக்கம், கழற்றிய குழாய்களின் வாயில் மூடி. இந்த நான்கில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அன்று எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய நான்கையும் நான் கேட்டு வாங்கி, பம்ப் கடையில் ஏற்றிப் பார்த்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன. தாளோடு சேர்த்துப் பாலித்தீன் உறையில் சுற்றி வைத்தோம். இரண்டு வருடம் கழித்து வண்டி சூட்டில் எடுக்காமல் நின்றபோது புட்டிகளை வைத்தோம். மூன்றாவது மட்டும் நிரம்பி வழிந்தது. உறையைப் பிரித்து ஒன்றை எடுத்து மறுபடி சோதித்து, குறியீட்டைப் பதிந்து போட்டோம். இன்றும் அதுதான் ஓடுகிறது.